தினை முளைக்கும் வரை

"நல்லது செய்யத்தான் போனேன், அம்மை. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க."

பாடகர் கோமதிநாயகம் அடுப்படி வாசலில் நின்று சொன்னார்.

தவமணி அம்மை கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"யாரு?"

"மலைச் சனங்கதான். வேற யாரு?"

"செருப்பைக் கழட்டிட்டு வந்து சொல்லுங்க, அண்ணாச்சி."

அவர் குனிந்து பார்த்தார். செருப்புக் காலோடுதான் நின்றிருந்தார்.

முகில்பொத்தை மலையின் காலடியில் இருக்கிறது அம்மையின் மடம். ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு பெரிய பானை. மலை ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் கஞ்சி. மடம் என்றால் அவ்வளவுதான்.

கோமதிநாயகத்துக்குத் தலை நரைத்துவிட்டது. அம்மைக்கு இன்னும் நரைக்கவில்லை. ஆனாலும் அம்மைதான் குரு, அவர்தான் சீடர். எப்படி அமைந்தது என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் கஞ்சி குடிக்க வந்தார். பிறகு வந்துகொண்டே இருந்தார்.

ஊரறிந்த பாடகர். கடவுள் கொடுத்த குரல். மைக் இல்லாமல் பாடினாலே பாறையில் பட்டுத் திரும்பும்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில அதிகாரி மலை ஏறுறார். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

மலைக்காரர்கள் தேன் எடுக்கிற பாறையில் கல்குவாரி வரப்போகிறது. அவர்களுடைய செத்தவர்களும் அந்தப் பாறைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். வேண்டாம் என்று அந்தச் சனங்கள் தங்கள் வாயால் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எழுதிக்கொண்டு அவர் இறங்கிவிடுவார். அப்புறம் வெடி வைப்பார்கள்.

"அதுக்குத்தான் அம்மை, இன்னைக்குச் சாயங்காலம் மைதானத்துல கச்சேரி வச்சிருக்கேன். காசு வாங்காம. சுத்துப்பட்டு ஊரே வருது. நான் பாடுனா ஊரு அவங்க பக்கம் நிக்கும்."

"நல்லது."

"அவங்களும் கேக்கணும்னு மைதானத்துலேருந்து ஒயர் இழுத்து, மலை மேல மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கேன். அவங்க குடிசை வாசல் வரைக்கும்."

"அவங்க கேட்டாங்களா?"

"இன்னைக்குத்தானே கேப்பாங்க."

"ஸ்பீக்கர் கட்டச் சொல்லிக் கேட்டாங்களான்னு கேட்டேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நேத்து நடந்ததைக் கேளுங்க. ஸ்பீக்கர் கட்டிட்டு, சரியாக் கேக்குதான்னு பார்க்க ஒரு பாட்டை லேசா முனகுனேன். வார்த்தைகூட இல்ல, மெட்டு மட்டும். பொம்பளைங்க எல்லாம் பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டு முதுகைக் காட்டி நின்னுட்டாங்க. என்னமோ நான் கெட்ட வார்த்தை பேசினாப்ல."

"எந்தப் பாட்டு?"

"அவங்க பாட்டுத்தான்! அதுதான் அம்மை வேடிக்கை. போன மாசம் அந்த மலைப் பொண்ணு வெள்ளாத்தியோட அப்பா தவறினாரே, அப்ப நான் மேலதான் இருந்தேன். அவ சித்தப்பன் கொளந்தன் பாடினார். ஒரு தடவைதான் கேட்டேன். அப்படியே உள்ள இறங்கிருச்சு. அதைக் கேட்டா கல்லும் அழும் அம்மை. குவாரிக்காரனே அழுவான்."

அம்மையின் கை நின்றது. அகப்பை பானையில் அப்படியே நின்றது.

"கொளந்தன்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. மறுநாளே போய், இது என்ன மெட்டு, யார் சொல்லிக் கொடுத்தான்னு கேட்டேன். ஒரு வார்த்தை பேசல. அதுக்கு மறுநாளும் போனேன். ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில வச்சுக்கிட்டு, அதுக்குள்ள இருக்கிற மண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தார். நான் ஒருத்தன் நிக்கிறேன்னு ஒரு மரியாதை வேண்டாமா? நாலு பேருக்குத் தெரியாத ஒரு பாட்டு தெரிஞ்சா இவ்வளவு கர்வமா?"

"வெள்ளாத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா. 'அதை எடுக்காதீங்க அண்ணா'ன்னு."

"சொல்லிட்டாளே."

"காரணம் சொல்லலையே."

"எடுக்காதீங்கன்னு சொல்லிட்டாளே."

"காரணம் சொன்னா விட்டுருவேன் அம்மை. நான் என்ன பிடிவாதக்காரனா?"

"சொல்லாட்டி?"

கோமதிநாயகம் பேச்சை மாற்றினார்.

"உங்களுக்குக் காரணம் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பச் சொல்லுங்க."

"அது என்னுது இல்ல, அண்ணாச்சி."

அவருக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபப்படக் கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

"நாளைக்கு அவங்க பாறை போயிரும் அம்மை! இப்பப் போய் இது உன்னுது, அது என்னுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தா எப்படி? நான் யாருக்காக இதெல்லாம் செய்றேன்?"

"அந்தப் பாட்டு இல்லாமக் கச்சேரி நடக்காதா?"

"நடக்கும். உயிர் இருக்காது."

"யார் உயிர்?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை.

"நீங்களே கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க, இதைப் பாடாம இருக்க முடியுமான்னு."

அம்மை கையை உயர்த்தினார். வேண்டாம் என்று.

ஆனால் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வது அவருடைய வழக்கம். மூடிவிட்டார். கையைப் பார்க்கவில்லை.

பாடினார்.

கீழே தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, ஏறின இடத்தில் யாரையோ தேடுவதுபோல் நின்று, பிறகு விட்டுவிட்டு இறங்குகிற பாட்டு. கூரை அதிர்ந்தது. குரல் வெளியே போய்ப் பாறையில் பட்டது, மேலே ஏறியது. இவ்வளவு நன்றாக அவர் எந்த மேடையிலும் பாடினதில்லை. பாடி முடித்தபோது அவருடைய கன்னம் நனைந்திருந்தது.

"எப்படி அம்மை?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

பதில் இல்லை.

கண்ணைத் திறந்தார். அறை இருட்டாக இருந்தது.

கதவு சாத்தியிருந்தது. சன்னலும் சாத்தியிருந்தது. அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருந்தது. புகை மட்டும் வந்தது. அம்மை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மை?"

இல்லை.

"அம்மை, கஞ்சி பாதி வேக்காட்டுல கிடக்கு."

அம்மை வாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவரைச் சுட்டிக் காட்டினார். அவ்வளவுதான்.

அவர் எழுந்து நடந்தார். உட்கார்ந்தார். குருவுக்கு நம்மேல் கோபம் என்று நினைத்தார். அப்புறம், பாட்டில் மெய்மறந்து போய்விட்டார் என்று நினைத்தார். இரண்டாவது நினைப்பு அவருக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

கதவைத் தட்டினார்கள்.

"அம்மை! கஞ்சி ஆச்சா?"

விறகு சுமந்து இறங்குகிறவர்கள். தினமும் இந்நேரம் வருவார்கள்.

"என்னம்மை, இன்னைக்கு மடத்துக்கே விரதமா? எங்களையும் சேர்த்துட்டீங்களா?"

சிரிப்புச் சத்தம். பிறகு சிரிப்பு நின்றது. இந்தக் கதவு பகலில் சாத்தி யாரும் பார்த்ததில்லை.

"அம்மை, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

கோமதிநாயகம் கதவிடம் போனார். அம்மை முந்திக்கொண்டு எழுந்து குறுக்கே நின்றார்.

"வாசல்ல பசியோட நிக்கிறாங்க அம்மை," என்றார் அவர், தணிந்த குரலில்.

அம்மையின் கண்ணில் நீர் இருந்தது. ஆனாலும் விலகவில்லை. பசித்தவன் குரலைக் கேட்டுக்கொண்டு அன்னமிடுகிறவள் சும்மா நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை! யார் போட்ட தண்டனை இது?

வெளியே காலடிகள் விலகின. தட்டிப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள்.

அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தலாம் என்று கோமதிநாயகம் மூச்சை இழுத்தார்.

அப்போதுதான் வெளியே இன்னொரு குரல் கேட்டது. ஓடி வந்த மூச்சு அதில் இருந்தது.

"அம்மை! நான் வெள்ளாத்தி. அவர் உள்ளதான் இருக்காரா? அவரை வாயைத் திறக்க விடாதீங்க!"

அம்மை யாரையும் தொட்டுப் பேசுகிறவர் அல்ல. அன்று தொட்டார். அடுப்பை அணைத்த கையால், சாம்பல் கையால், கோமதிநாயகத்தின் வாயை இறுக்கிப் பொத்தினார்.

மறு கையால் தாழ்ப்பாளை எடுத்தார்.

வெள்ளாத்தி உள்ளே வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நாளைக்கு அதிகாரியிடம் பேசுவது என்று மலைச் சனங்கள் அவளைத்தான் வைத்திருந்தார்கள். நிறுத்தி நிதானமாகப் பேசத் தெரிந்தவள். இப்போது அவசரப்பட்டாள்.

"அண்ணா. பேசாதீங்க. இருமக்கூடச் செய்யாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

அம்மை கையை எடுத்தார். அவருடைய உதட்டில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"இது சாவுப் பாட்டு. செத்தவங்களை அனுப்பி வைக்கிற பாட்டு. இது எழும்பினா அடுப்பை அணைப்போம், கதவைச் சாத்துவோம். பாடினவர் ஒரு சிரட்டையில தினை விதைக்கணும். அது முளைக்கிற வரை பேசக் கூடாது. அவர் வாயடைச்சு இருந்தா எங்க பேச்சு எங்களுக்கு இருக்கும். பொழுது சாய்ஞ்சதும் கதவைத் திறந்து அடுப்பை மூட்டுவோம்."

அவள் மூச்சு வாங்கினாள்.

"பாடின வாய் பேசி, அது எங்க காதுல விழுந்திருச்சுன்னா, கேட்டவங்க அத்தனை பேரும் வாயடைக்கணும். தினை முளைக்கிற வரை. பிள்ளைகூடப் பேசாது."

கோமதிநாயகம் அம்மையைப் பார்த்தார். 'எப்படி அம்மை' என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. அவருடைய பேச்சு அம்மையின் காதில் விழுந்துவிட்டது.

சிரட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்த கொளந்தனும் நினைவுக்கு வந்தார்.

"நீங்க பாடினது மேல எல்லாருக்கும் கேட்டிருச்சு, அண்ணா. கதவைச் சாத்திட்டுக் கதவுக்குப் பின்னாடி நிக்கிறாங்க. அடுத்து உங்க பேச்சு வருமோன்னு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நீங்களோ வாசல் வரைக்கும் குழாய் கட்டி வச்சிருக்கீங்க. சாயங்காலம் அதுல வாயைத் திறந்தீங்கன்னா, நாளைக்கு அதிகாரி வந்து பார்க்கிறப்ப மலையில ஒரு வாய் இருக்காது."

கோமதிநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கையைக் கூப்பினார்.

"கும்பிடாதீங்க. பாட்டைக் கேட்டு, புதுசாச் செத்தவரைக் கூட்டிட்டுப் போக எங்க செத்தவங்க வந்துட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கு யார் செத்ததுன்னே தெரியாது. பாவம்."

மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தாள். மடத்துக்கு என்று அவள் அவ்வப்போது கொண்டுவருகிற தினை.

"வெளியாள் யாரும் இதைச் சுமந்ததில்ல. சுமந்தா செல்லுமான்னு எங்களுக்கே தெரியாது. சித்தப்பா சொன்னார், கேட்டுப் பார் தாயின்னு. அதான் ஓடி வந்தேன்."

கேட்டுப் பார் தாயி. ஓர் ஊரே வாயடைத்துப் போக இருந்த வேளையிலும் கேட்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார் கொளந்தன்.

"சுமப்பீங்களா?"

அம்மை வெளியே போய் ஒரு சிரட்டையில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். அதை அவர் முன்னால் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. முன்னால் வைத்தார், அவ்வளவுதான்.

கோமதிநாயகம் சிரட்டையை எடுத்தார். வெள்ளாத்தி தினையைப் போட்டாள். அவர் விரலால் மண்ணை மூடினார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது.

அவர் போனை எடுத்து வெள்ளாத்தியிடம் நீட்டினார்.

"ஐயா!" விழாக் கமிட்டி அருணாசலத்தின் குரல், வெளியே கேட்கும்படி. "கிளம்பிட்டீங்களா? இப்பவே பாதி மைதானம் ரொம்பிருச்சு!"

"அவர் பாட மாட்டார்," என்றாள் வெள்ளாத்தி.

"யாரும்மா அது?"

"அவர் யாருக்காகப் பாட வந்தாரோ, அந்த ஆளு."

"விளையாடாதேம்மா. போனை ஐயாகிட்டக் குடு. தொண்டை கட்டிருச்சா? சுக்குக் கசாயம் கொண்டு வரச் சொல்லட்டுமா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்ன கேடு? ஏம்மா, உங்களுக்காகத்தானே நாங்க இவ்வளவு பாடுபடுறோம்!"

"கேட்டோமா?"

அந்தப் பக்கம் குரல் மாறியது.

"ஐயாகிட்டச் சொல்லு. வரலேன்னா சனம் என்ன பேசும்னு அவருக்குத் தெரியும். குவாரிக்காரன்கிட்ட வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டார்னு பேசும். நான்கூட அப்படித்தான் நினைப்பேன்."

கோமதிநாயகத்தின் முகம் சிவந்தது. அவர் யாரிடமும் கை நீட்டினவர் அல்ல. வாய் தானாகத் திறந்தது.

வெள்ளாத்தி காதைப் பொத்தவில்லை. ஓடவும் இல்லை. அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாய் மூடியது.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு மலை ஏறிப் போனாள்.

பொழுது சாயத் தொடங்கியது. மடத்தில் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். வேகாத கஞ்சி பானையில் உறைந்து கிடந்தது.

மலையில் குழாய்கள் கரகரத்தன. அவர் கட்டிய குழாய்கள்.

மைதானத்துச் சத்தம் முழுவதும் மலை மேல் கேட்டது. கைதட்டல். விசில். அருணாசலத்தின் குரல். "பெரியோர்களே, தாய்மார்களே, இன்று பாடகர் அவர்கள்..." என்று இழுத்து, "வரவில்லை" என்று முடித்தது.

கூட்டம் கத்தியது.

"எங்கே போயிட்டார்?"

"குவாரிக்காரன் வீட்டு விருந்துக்குப் போயிருப்பார்!"

ஒரு பெரிய சிரிப்பு, பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

"பாட்டுப் பாடுறவனுக்குச் சனம் ஏது, மலை ஏது? காசுதான்!"

கோமதிநாயகம் எழுந்தார். மைதானம் கூப்பிடு தூரம். போய், ஒரே ஒரு வார்த்தை. 'நான் அப்படிப்பட்டவன் இல்லை.' அது போதும். பாட வேண்டாம். அதை மட்டும் சொன்னால் போதும்.

அம்மை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் வருவதைப் பார்த்தார்.

எழுந்து, ஒதுங்கி, வழி விட்டார்.

அவர் முற்றத்துக்கு வந்தார். மேலே பார்த்தார்.

பாறை விளிம்பில் குடிசைகள் தெரிந்தன. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எந்தக் கூரையிலும் புகை இல்லை. பிள்ளைகள் இருக்கிற வீடுகள். அவர் பாடினதிலிருந்து உலை ஏறாத வீடுகள். கதவுக்குப் பின்னால் அவர்கள் நிற்பது இங்கிருந்து தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்தது.

குழாயில் யாரோ அவருடைய குரலைப் போலவே இழுத்துப் பாடிக் கேலி செய்தார்கள். கூட்டம் உருண்டு சிரித்தது.

மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறைந்தது. இத்தனை வருசம் அந்த மூச்சு பாட்டாக மட்டுமே வெளியே வந்திருக்கிறது.

உதட்டை நனைத்துக்கொண்டார்.

சாம்பல் கரித்தது.

மூச்சை மெல்ல, சத்தமில்லாமல், மூக்கு வழியாக விட்டார். முற்றத்திலேயே உட்கார்ந்தார். உள்ளே போய் அம்மை ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் விரலை நனைத்துச் சிரட்டையில் தெளித்தார். காய்ச்சல் பிள்ளையின் உதட்டை நனைப்பதுபோல.

குழாய் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு மைக் செட்காரர் அணைத்துவிட்டார் போலிருக்கிறது. மலை அமைதியானது.

சூரியன் மறைந்தது.

மேலே ஒரு கதவு திறந்தது. அப்புறம் இன்னொன்று.

ஒரு கூரையிலிருந்து புகை எழும்பியது.

மறுநாள் காலை அதிகாரி ஏறி வந்தார். கூடவே குவாரிக்காரரின் ஆள் ஒருவர், நாற்காலி சுமந்துகொண்டு.

மலைச் சனங்கள் மரத்தடியில் கூடியிருந்தார்கள். முன்னால் வெள்ளாத்தி நின்றாள். எல்லாருக்கும் பின்னால், ஓரமாக, சிரட்டையும் கையுமாகக் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். அம்மை கஞ்சிப் பானையோடு வந்திருந்தார்.

கொளந்தன் வந்து கோமதிநாயகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளும் தோளும் இடித்தது. அது என்ன மெட்டு என்று இவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சிரட்டையை எட்டிப் பார்த்தார். மண் கொஞ்சம் காய்ந்திருந்தது. தன் சுரைக்குடுக்கையிலிருந்து இரண்டு சொட்டு விட்டார்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். கூட்டத்தைப் பார்த்தார். பின் வரிசையில் கண் நின்றது. முகம் மலர்ந்தது.

"அடடே, ஐயா! நீங்களா? உங்க பாட்டுன்னா எங்க வீட்ல அத்தனை பேருக்கும் உசிரு!"

நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளாத்திக்கு இப்போது அதிகாரியின் முதுகுதான் தெரிந்தது.

"ஐயா," என்றாள் அவள்.

"இரும்மா. படிச்ச பெரிய மனுசர் ஒருத்தர் இருக்கார்ல. ஐயா, இவங்க பேசுறது எனக்குப் பாதி புரியாது. நீங்களே சொல்லிருங்களேன். இவங்களுக்குச் சம்மதமா, இல்லையா?"

மரத்தடியில் எல்லாக் கண்ணும் கோமதிநாயகம் பக்கம் திரும்பியது.

கோமதிநாயகத்தின் நெஞ்சில் ஒரு பேச்சு இருந்தது. பாறையைப் பற்றி, தேனைப் பற்றி, கீழே கிடக்கிற செத்தவர்களைப் பற்றி. ராத்திரி முழுவதும் கேட்க ஆளில்லாமல் அது வளர்ந்திருந்தது. சொன்னால் அதிகாரி எழுதிக்கொள்வார். கண்ணீர்கூட விடுவார்.

அம்மையைப் பார்த்தார். அம்மை அவரைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க ஐயா."

அவர் தலையைக் குனிந்து சிரட்டையைப் பார்த்தார்.

"என்ன, பேச மாட்டேங்கிறார்?"

"நேத்துக் கச்சேரிக்கும் வரலை சார்," என்றார் குவாரிக்காரரின் ஆள், வாயோரம் சிரித்தபடி. "யாரும் எதுவும் சொல்லலைன்னா, எழுதிட்டு இறங்கிரலாமே. வெயில் ஏறுது."

அதிகாரி பேனாவைத் திறந்தார். இன்னும் ஒரு தடவை கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

"ஐயா, கடைசியாக் கேக்குறேன். நீங்க சொன்னா நான் கேப்பேன்."

கோமதிநாயகம் எழுந்தார்.

கூட்டத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் காதைத் தேடினாள்.

அவர் சிரட்டையை இடது கையில் மாற்றிக்கொண்டார். நடந்து போய், அதிகாரியைச் சுற்றி, நாற்காலியின் பின்பக்கம் வந்தார். அங்கே வெள்ளாத்தியின் காலடியில், தரையில், அவளை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்தார்.

அதிகாரி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் தெரியவில்லை. உடம்பைத் திருப்பினார். வலித்தது போலிருக்கிறது.

எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார்.

"இவருக்கு என்னம்மா ஆச்சு?"

"அவருக்கு ஒண்ணுமில்ல," என்றாள் வெள்ளாத்தி. "என்னைக் கேளுங்க."

அதிகாரி உட்கார்ந்தார்.

"சரி. சொல்லும்மா."

வெள்ளாத்தி வாயைத் திறந்தாள்.